இரண்டு மணி நேர இடைவெளி

இரண்டு மணி நேரம். இந்த ஊரில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆஸ்பத்திரி மாத்திரைக்கும் மூலிகை மருந்துக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விட்டால் போதும், ஒன்றோடொன்று சண்டை போடாது. யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. சாய் வான் குடியிருப்பில் பதினேழாவது மாடியில் இருந்த லூயியும் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் டெர்மினஸில் டைம்கீப்பராக இருந்து, டிரைவர் சொல்லும் ஒவ்வொரு சாக்குக்கும் நாலு குறுக்குக் கேள்வி கேட்ட மனுஷன்தான். ஆனால் மணிக்கணக்கு என்று வந்துவிட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். அதற்கு மேல் யோசிக்க மாட்டார்.

அவர் மனைவி மியு-லினுக்கு அறுபத்தாறு வயது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்து வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்பைத் திறந்து, அந்த இடத்தில் உலோக வால்வு வைத்தார்கள். உலோகத்தின் மேல் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று தினம் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். ரத்தத்தை இளக்கி வைக்கிற மாத்திரை. அதன் வேகம் கூடினால் ரத்தம் உடம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் கசியும், குறைந்தால் வால்வில் கட்டி விழும். இதற்கென்றே ஆஸ்பத்திரியில் தனி கிளினிக். மாதம் ஒரு தடவை விரலில் குத்தி, ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருந்தால் வீட்டுக்குப் போகலாம்.

எண் சரியாகத்தான் இருந்தது. மியு-லின்தான் சரியாக இல்லை. கை இரண்டும் சில்லென்று கிடந்தன. நாலு படி ஏறினால் கால் கனத்தது. காலையில் தோழிகளோடு டீக்கடைக்குப் போய் இரண்டு தட்டு ஆவியில் வெந்த பலகாரத்தோடு ஊர்க்கதை பேசுகிறவள், அதையும் விட்டுவிட்டாள். டாக்டரிடம் சொன்னால், "வால்வு நல்லா வேலை செய்யுது, கவலைப்படாதீங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

லூயிக்கும் அந்த நாட்கள் நல்ல நாட்களாக இல்லை. ரிட்டயர் ஆகி நாலு வருஷம். ஜன்னல் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு கீழே வந்து போகும் பஸ்களை எண்ணுவார். "ஏழு நிமிஷம் லேட்டு" என்று ஜன்னல் கண்ணாடியிடம் சொல்வார். சாப்பிடக் கூப்பிட்டால் பாதிக் கிண்ணத்தோடு எழுந்துவிடுவார்.

இலையுதிர்கால நிலாப் பண்டிகை முடிந்த வாரம், மார்க்கெட் மாடியில் இருந்த மோக் வைத்தியரிடம் மனைவியைக் கூட்டிப் போனார். மோக் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"நாக்கு ஊதாவா இருக்கு. ரத்தம் தேங்கி நிக்குது. ஓட விட்டா சரியாயிடும்."

இப்போதெல்லாம் மண்சட்டி வைத்துக் கஷாயம் காய்ச்ச யாருக்கும் பொழுதில்லை. வேர்களின் சாற்றை எடுத்து, வற்ற வைத்து, குருணையாக்கி, சின்னப் பொட்டலத்தில் அடைத்து வருகிறது. வெந்நீரில் கரைத்தால் ஆயிற்று. மோக் எழுதிக் கொடுத்ததில் முக்கியமானவை இரண்டு வேர்கள். ஒன்று செவ்வேர், இன்னொன்று பிள்ளை பெற்ற பெண்களுக்கு வாத்துச் சூப்பில் போடுகிற வேர்.

"ஆஸ்பத்திரி மாத்திரை ஏதாவது ஓடுதா?" என்று பேனாவை மூடிக்கொண்டே கேட்டார் மோக்.

"ஹார்ட்டுக்கு ஒண்ணு."

"ரெண்டு மணி நேரம் தள்ளிக் குடுங்க."

என்ன மாத்திரை என்று அவர் கேட்கவில்லை. ரத்தத்தை இளக்குகிற மாத்திரை என்று இவர் சொல்லவில்லை. பெரிய ரகசியத்தை மறைத்தவர்கள் மாதிரி இருவரையும் நினைக்க வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியோடுதான் இரண்டு பேரும் எழுந்தார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

வீட்டுக்கு வந்ததும் லூயி பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். காலை ஒன்பது, கஞ்சிக்குப் பிறகு மாத்திரை. பன்னிரண்டு, பொட்டலம். மோக் இரண்டு மணி நேரம் சொன்னார், இவர் மூன்றாக்கினார். ஃபிரிட்ஜ் கதவில் அட்டையை ஒட்டிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"முன்னால போன பஸ்ஸு வளைவு திரும்பினப்புறந்தான் அடுத்ததுக்கு நான் விசில் குடுப்பேன். என் சர்வீஸ்ல ஒரு நாள் ரெண்டு வண்டி ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் போனதில்ல, தெரியுமா?"

"தெரியும், முப்பது வருஷமா அதையேதானே கேக்குறேன்" என்றாள் மியு-லின். "அப்ப பஸ்ஸை விரட்டினே, இப்ப என்னை. விசிலும் ஒண்ணு வாங்கிக்க, குறை எதுக்கு?"

"வாய் மட்டும் குளிர்ல விறைக்கல."

"அது விறைச்சா நீ பேச்சுத் துணைக்கு எங்க போவே, டைம்கீப்பரே?"

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே லூயி வெந்நீர் கிளாஸோடு நிற்பார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்து முடிப்பாள். உப்பும் இனிப்புமாக உலர்த்திய பிளம் ஒன்றை அவள் வாயில் போடுவார். சாயங்காலமானால் அவள் கை இரண்டையும் பிடித்துப் பார்ப்பார்.

"சூடு வந்துச்சா?"

முதல் வாரம், "வர்ற மாதிரிதான் இருக்கு" என்றாள். இரண்டாவது வாரம் சமையலறையிலிருந்து வந்து கையை நீட்டினாள். நிஜமாகவே கதகதப்பாக இருந்தது. அன்றைக்கு லூயி இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். ஜன்னல் நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தார். கீழே பார்க்கில் யாரைப் பிடித்தாலும் பொட்டலத்தின் மகிமையைச் சொன்னார்.

இருபத்தேழாவது நாள் கிளினிக். விரலில் குத்தி, எந்திரத்தில் வைத்துப் பார்த்த நர்ஸின் பார்வை மாறியது. சின்னப் பெண், மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது.

"நாலு புள்ளி நாலு. போன மாசம் ரெண்டு எட்டுதானே இருந்துது? புதுசா ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா? மூலிகை, சூப், கஷாயம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

போன வருஷம் இதே கிளினிக்கில், தோழி ஒருத்தி கொடுத்த ஜின்செங் சூப்பை மியு-லின் வெகுளியாகச் சொல்லித் தொலைத்திருந்தாள். அன்றைக்கு இருந்த டாக்டர் கதவு திறந்திருப்பதைக்கூடப் பார்க்காமல், "சாகணும்னு ஆசையா?" என்று கத்தினார். வெளியே பெஞ்சில் நாற்பது பேர். வீடு வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். எண் ஏன் கெடக் கூடாது என்று ஒருவரும் அவளுக்கு உட்கார்ந்து சொல்லவில்லை, திட்டத்தான் தெரிந்தது. அது லூயியின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. சொன்னால் பொட்டலத்தை நிறுத்தச் சொல்வார்கள். இரண்டு வருஷத்தில் இப்போதுதான் அவள் கை சூடாகியிருக்கிறது.

"ஒண்ணுமில்லம்மா. எப்பவும் போல கஞ்சி, மீன், கீரை" என்றார் லூயி.

நர்ஸ் மியு-லினைப் பார்த்தாள். "அம்மா, நீங்க சொல்லுங்க."

மியு-லின் புருஷனை ஒரு தடவை பார்த்தாள். "அதான் அவரே சொல்லிட்டாரே."

நர்ஸ் மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதினாள். ஒரு மாதம் இல்லை, இரண்டே வாரத்தில் வரச் சொன்னாள். ஈறில் ரத்தம் வந்தாலோ, உடம்பில் நீலம் பாய்ந்தாலோ, தலை வலித்தாலோ உடனே வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். நல்ல பெண்தான், பாவம்.

லிஃப்டில் இறங்கும்போது மியு-லின் மெல்லக் கேட்டாள். "சொல்லியிருக்கலாமோ?"

"என்னத்தைச் சொல்றது? நாம ரெண்டையும் சேத்தா குடுக்குறோம்? மூணு மணி நேரம் நடுவுல. பாரு, மாத்திரையைக் குறைச்சிட்டாங்க. அப்படின்னா உடம்பு தேறுதுன்னுதானே அர்த்தம்?"

இப்படியும் ஒரு மனுஷன் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்ள முடியும். மறுநாளே மோக்கிடம் போய், ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னார். மோக்குக்கும் சந்தோஷம். "நல்லா கேக்குது. ரெண்டு வேளையா ஆக்கிடலாம்" என்றார். அட்டையில் சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னொரு கோடு ஏறியது.

அடுத்த வாரம் மியு-லினின் மேல்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலம் படர்ந்திருந்தது. இடித்துக்கொண்ட நினைவு இல்லை. லூயிக்கு நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தாம் அக்கா உள்ளே வந்தாள். உடம்புச் சூட்டுக்கு முதுகைச் சீப்பு விளிம்பால் சுரண்டிக் கன்றவைப்பதில் அந்த மாடிக்கே அவள்தான் கைராசிக்காரி.

"அட, இதுக்கா முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க? நான் சுரண்டினாலே நாலு நாளைக்கு இதவிடக் கறுப்பா இருக்கும். கெட்ட ரத்தம் வெளிய வருதுய்யா. சுரண்டாமயே வருதுன்னா மருந்து எவ்வளவு வேகம்னு பாத்துக்க!"

"பாத்தியா?" என்றார் லூயி மனைவியிடம். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. தாம் அக்காவுக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

நாற்பத்தோராவது நாள் காலை, கஞ்சியை வாயருகே கொண்டுபோன மியு-லின் கரண்டியைத் தவறவிட்டாள். குனிந்து எடுக்கப் பார்த்தாள், வலது கை வரவில்லை.

"தலை வலிக்குது" என்றாள். "விடியக் காலையிலேருந்து. நாக்கு வேற தடிச்சாப்பல இருக்கு."

"ஏன் சொல்லல?"

"நீ பயப்படுவியே."

அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. லூயி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கிளம்பும் அவசரத்திலும், பன்னிரண்டு மணிக்கு எங்கே இருப்போமோ என்று ஒரு பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பழக்கம் அப்படி.

அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் மியு-லினின் கண்ணில் டார்ச் அடித்துக்கொண்டே கேட்டார். "ரத்த மாத்திரையைத் தவிர வேற என்ன சாப்பிடுறீங்கம்மா? மூலிகை ஏதாவது?"

மியு-லின் கோணிய வாயால், "ஒண்ணு...மில்ல" என்றாள். கண் மட்டும் லூயியின் மேல் இருந்தது. அவரைக் காப்பாற்றுகிறாளாம். லூயி வாயைத் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் திரும்பி வந்தார். "ஐயா, மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. ரத்த எண் எட்டைத் தாண்டிடுச்சு. கசிவை நிறுத்த மருந்து ஏத்தியாச்சு, ஆபரேஷனும் பண்ணணும். மாத்திரையைத் தெரியாம ரெண்டு தடவை குடுத்துட்டீங்களா? நேரம் மாறிப் போச்சா?"

உண்மையை விழுங்கிக்கொண்டு நின்ற மனுஷனுக்கு இது மட்டும் பொறுக்கவில்லை.

"நேரமா? ஒரு நாள், ஒரு நிமிஷம் மாறினதில்ல டாக்டர்! மாத்திரை ஒன்பதுக்கு. பொடி பன்னெண்டுக்கும் ஆறுக்கும். நாப்பது நாளா அட்டை போட்டுக் குடுக்குறேன்."

"என்ன பொடி?"

லூயி பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் வாங்கி, பின்பக்கம் அச்சடித்திருந்ததைப் படித்தார். கத்துவார் என்று லூயி காத்திருந்தார். டாக்டர் கத்தவில்லை.

"இந்த ரெண்டு வேருமே ரத்த மாத்திரையோட வேகத்தைக் கூட்டும் ஐயா."

"அதுக்குத்தான் மூணு மணி நேரம் விட்டேன். ரெண்டு விட்டாப் போதும்னாங்க, நான் மூணு விட்டேன்."

"அந்த மாத்திரை மூணு மணி நேரத்துல இறங்கிப் போயிடாது. அஞ்சு நாள் வரைக்கும் ரத்தத்துலயே இருக்கும். இன்னிக்குக் குடுத்தது போகுறதுக்குள்ள நாளைக்கிது வந்துடும். நீங்க எத்தனை மணிக்குக் குடுத்திருந்தாலும் ரெண்டும் உள்ள ஒண்ணாத்தான் இருந்திருக்கு."

லூயி விரல் விட்டு நாட்களை எண்ணினார். "கிளினிக்ல ஒரு பொண்ணு கேட்டுச்சு. ரெண்டு வாரம் முன்னாடி. அப்ப நான் சொல்லியிருந்தா?"

டாக்டர் பொட்டலத்தை ஃபைலோடு சேர்த்து கிளிப் போட்டார். "பொடியை நிறுத்தச் சொல்லியிருப்பாங்க" என்றார்.

மகள் ஹொய்-மன் வேலை செய்த பேக்கரியிலிருந்து கையில் மாவோடு ஓடி வந்தாள். ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. லூயி அவளிடம் எதையும் மறைக்கவில்லை. பொட்டலம், அட்டை, கிளினிக்கில் சொன்ன பொய், எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். வைவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்ப்பா. பொடி குடிக்கிறது தெரியும். அம்மா போன்ல சொன்னாங்க."

"கை சூடாச்சே, அதான் நான்..."

"சூடாகலப்பா." ஹொய்-மன் அழ ஆரம்பித்தாள். "ஒரு நாள்கூட ஆகல. நீங்க கையைப் பிடிச்சுப் பாக்க வர்றதுக்கு முன்னாடி சமையல்ரூம்ல போய் வெந்நீர்ல முக்கிட்டு வருவாங்க. எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சாங்க. உங்கப்பா நாலு வருஷமா ஜன்னல்லயே உக்காந்து செத்துக்கிட்டிருந்தாரு, இப்பதான் மனுஷனுக்கு ஒரு டூட்டி கிடைச்சிருக்கு, கசப்புதானே, குடிச்சிட்டுப் போறேன்னாங்க. நானும் சரின்னுட்டேன். ரத்த மாத்திரையோட சேராதுன்னு எனக்கு எங்கே தெரியும்ப்பா?"

லூயிக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. எந்தச் சூட்டைக் காப்பாற்ற அந்த நர்ஸிடம் பொய் சொன்னாரோ, அந்தச் சூடு வெந்நீர்ச் சூடு. அவள் இவருக்காகக் குடித்திருக்கிறாள். இவர் அவளுக்காகக் கொடுத்திருக்கிறார். நாற்பத்து மூன்று வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர்கள், வாய்விட்டு ஒரு வார்த்தை நிஜத்தைச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் தலையில் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹொய்-மன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மியு-லின் பிழைத்தாள். இரண்டாம் நாள் கண் திறந்தாள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சு வார்த்தை வார்த்தையாக வந்தது. தலையில் பாதியை மழித்துக் கட்டுப் போட்டிருந்தார்கள்.

வார்டு டாக்டர் நடுத்தர வயதுக்காரர், பொறுமைசாலி. லூயியையும் மகளையும் உட்கார வைத்து விளக்கினார். மூளையில் கசிவு ஆற வேண்டுமென்றால் ரத்தத்தை இளக்கும் மருந்து கூடாது. ஆனால் உலோக வால்வு உள்ளே இருக்கிறது, அந்த மருந்து இல்லாமல் அதில் ரத்தம் கட்டும். பத்து நாளாவது மருந்தில்லாமல் ஓட்டிப் பார்க்கலாம்.

"மூச்சு வாங்கினா, நெஞ்சு அடைச்சா, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமச் சொல்லணும். கட்டி விழுந்துதுன்னா மருந்தை ஏத்தித்தான் ஆகணும்."

"ஏத்தினா தலையில?" என்று கேட்டாள் ஹொய்-மன்.

"மறுபடி கசியலாம்" என்றார் டாக்டர். "கசியாமலும் இருக்கலாம்."

அதற்குப் பிறகு லூயி காலையில் வார்டு திறக்கும்போது வந்து உட்கார்ந்தால், மூடும்வரை நகர்வதில்லை. அவளுக்கு வாய் துடைத்தார், கால் பிடித்துவிட்டார். வெந்நீர் விஷயத்தை அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஹொய்-மன் சொல்லிவிட்டாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆறாம் நாள் காலை அவளை மூன்று தலையணை வைத்துச் சாய்த்திருந்தார்கள். லூயி பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அவள் கழுத்துக்குக் கீழே இருந்த குழி உள்ளே இழுத்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிஷத்துக்கு முப்பது.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"மியு-லின், பொய் சொல்லாதே."

அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள். "நேத்து... மத்தியானத்துலேருந்து" என்றாள்.

லூயி எழுந்து கூப்பிடு மணியை நோக்கிக் கையை நீட்டினார். நல்லாயிருந்த இடது கையால் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ தெரியவில்லை.

"வேண்டாம்."

"சொல்லலேன்னா வால்வு அடைச்சுக்கும். டாக்டர் சொன்னாரே."

"கேட்டேன். அடைக்கட்டும். மறுபடி மருந்து... மறுபடி மண்டைல ரத்தம்... மறுபடி வெட்டுவாங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "இருக்கிற புத்தியும் போயிடும். பொண்ணை அடையாளம் தெரியாமப் போறதுக்கு... எனக்கு இது போதும்."

"உளறாதே."

"உளறல. டாக்டர் வர்ற நேரம். நல்லாயிருக்கான்னு சொல்லு. அவ்வளவுதான்."

"என்னால முடியாது."

"அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட... கஞ்சி, மீன், கீரைன்னு... கண்ணு கூட இமைக்காம சொன்னியே." அவள் குரலில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. "இன்னிக்கு ஒண்ணு... எனக்காகச் சொல்லு."

நாற்பத்து மூன்று வருஷத்தில் அவள் தனக்கென்று அவரிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு வளையல் கேட்டதில்லை, ஓர் ஊர் பார்க்கக் கேட்டதில்லை. அது அவருக்கு அந்த நேரத்தில்தான் உறைத்தது.

டாக்டர் வந்துவிட்டார். பின்னால் நர்ஸ் ஃபைலோடு நின்றாள். "எப்படி இருக்கீங்கம்மா? மூச்சு எப்படி?"

"நல்லாயிருக்கு" என்றாள் மியு-லின். அவள் விரல்கள் இன்னும் லூயியின் மணிக்கட்டில்தான் இருந்தன.

டாக்டர் லூயியின் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க சொல்லுங்க."

லூயி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

"மூச்சு முட்டுது டாக்டர். நேத்து மத்தியானத்துலேருந்து. அவ பொய் சொல்றா."

மணிக்கட்டிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. மியு-லின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். வால்வில் கட்டி இருந்தது. மத்தியானத்துக்குள் ரத்தத்தை இளக்கும் மருந்து ஏற ஆரம்பித்தது. "நல்லவேளை சொன்னீங்க. சொல்லலேன்னா இன்னிக்குத் தாண்டியிருக்காது" என்று டாக்டர் லூயியின் தோளைத் தட்டினார்.

அதற்குப் பிறகு மியு-லினுக்கு ஒரு நாள்தான் நினைவு இருந்தது. நர்ஸிடம் தண்ணீர் கேட்டாள். ஹொய்-மனிடம், பேக்கரியில் இந்த வாரம் என்ன ரொட்டி என்று விசாரித்தாள், உன் மாவுக் கையால் என்னைத் தொடாதே என்று விளையாடினாள். லூயி நாற்காலியை இழுத்துப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டாள். "மியு-லின், நான்தான்" என்று அவர் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தார். காலில் விழாத குறை. அவள் தூங்கவில்லை என்பது இமை துடித்ததில் தெரிந்தது.

மறுநாள் பிற்பகல் தலைக்குள் மறுபடி கசிந்தது. இந்த முறை ஆபரேஷன் பேச்சே எழவில்லை. சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷத்துக்கு முடிந்துபோனது. லூயி நேரம் பார்க்கவில்லை, நர்ஸ்தான் உரக்கச் சொல்லி எழுதினாள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். உடலை எடுத்துப் போகப் பேப்பர்கள் வர வேண்டியிருந்தன. ரொம்ப நேரம் கழித்து லூயி கேட்டார்.

"உங்கிட்டப் பேசினாளே. என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

ஹொய்-மன் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "சொன்னாங்கப்பா. அப்பா மேல கோபமில்ல, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுன்னாங்க."

லூயி மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா" என்றார்.